பெட்டி என்னுடையது, சாவி யாருடையது?

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் படிக்கும்போது 'செல் ப்ராசஸர்' என்று ஒரு பெயர் ஓரமாக வந்து போகும். பரீட்சையில் வந்தால் இரண்டு மதிப்பெண், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காகத் தேடப் போய்த்தான் இந்தக் கதை எனக்கு அகப்பட்டது. அந்த ப்ராசஸர் இருந்தது சோனியின் ப்ளேஸ்டேஷன் 3-க்குள். அந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டுக்கொள்ள சோனியே மெனுவில் இடம் கொடுத்திருந்தது. பிறகு 2010-ல் ஒரே ஒரு அப்டேட்டில் அதைப் பிடுங்கிக்கொண்டது.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கேம் பைத்தியங்களுக்கும் லினக்ஸ் பைத்தியங்களுக்கும் முழுப் பதிவும் பிடிக்கும் என்று நம்புகிறேன். இரண்டும் இல்லாத நல்லவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போனுக்கும் அது பொருந்தும்.

எதற்கு இந்த வேண்டாத வேலை?

கேம் ஆட வாங்கிய பெட்டியில் எதற்கு லினக்ஸ் என்று யாரும் கேட்கலாம். பதில் சுலபம். கேம் கன்சோல் என்பது ஒரு கம்ப்யூட்டர்தான். ப்ராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது. கீபோர்டும் மவுஸும் மட்டும்தான் இல்லை. அதையும் யுஎஸ்பி-யில் செருகிவிடலாம். பிறகு ஏன் அது கேம் மட்டும் ஆடுகிறது? பூட்டியிருப்பதால். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் ப்ரோகிராம் மட்டும்தான் அதில் ஓடும்.

பூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கன்சோலை அடக்க விலைக்கும் கீழே விற்பார்கள். ப்ளேஸ்டேஷன் 3 வெளியானபோது அமெரிக்காவில் 60 ஜிபி மாடல் 599 டாலர். அதைப் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போட்ட ஐசப்ளை என்ற நிறுவனம், செய்வதற்கே 800 டாலருக்கு மேல் ஆகிறது என்றது. அந்த நஷ்டத்தை ஒவ்வொரு கேம் விற்பனையிலும் கிடைக்கும் பங்கில்தான் சரிக்கட்டுவார்கள். கேம் வாங்காமல் பெட்டியை மட்டும் வாங்குகிறவர் அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போகிற ஆள் மாதிரி :-)

இது தெரிந்தும் சோனி கதவைத் திறந்து வைத்தது என்பதுதான் ஆச்சரியம்.

ப்ளேஸ்டேஷன் 2-ல் தொடங்கியது

சோனிக்கு இது முதல் தடவை இல்லை. ப்ளேஸ்டேஷன் 2-க்கு ஒரு லினக்ஸ் கிட்டை 2001-ல் ஜப்பானிலும், 2002-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றது. அமெரிக்காவில் விலை 199 டாலர். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் அடாப்டர், கீபோர்டு, மவுஸ், மானிட்டரில் இணைக்க ஒரு கேபிள், இரண்டு டிவிடி, இவ்வளவும் ஒரே அட்டைப்பெட்டியில். உள்ளே ஓடியது 2.2 வரிசைக் கெர்னல்.

பெட்டியின் சக்தியைக் கேட்டால் இன்று சிரிப்பு வரும். 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவான ப்ராசஸர், 32 எம்பி மெமரி. ஆனால் அதிலேயே விண்டோ மேனேஜர் ஓடியது, சி ப்ரோகிராம் கம்பைல் ஆனது. அதன் வெக்டர் யூனிட்களை நேராகத் தொட்டு ப்ரோகிராம் எழுதும் வாய்ப்பு, கேம் கம்பெனியில் வேலை பார்க்காத சாதாரண ஆட்களுக்கும் கிடைத்தது. 2003-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் சுமார் 70 ப்ளேஸ்டேஷன் 2-களை வரிசையாக அடுக்கி, லினக்ஸ் போட்டு, ஒரே கம்ப்யூட்டராக வேலை வாங்கினார்கள்.

அதே காலத்தில் பக்கத்து வீட்டுக் கதை நேர் எதிர். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் சிப், 64 எம்பி மெமரி. ஏறக்குறைய ஒரு பிசி. ஆனால் லினக்ஸுக்கு அனுமதி இல்லை. லிண்டோஸ் நிறுவனத்தின் மைக்கேல் ராபர்ட்சன், இதில் லினக்ஸ் ஓட்டிக் காட்டுகிறவர்களுக்கு மொத்தம் 2 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார். விடுவார்களா நம் ஆட்கள்? 2003-ல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் கேமின் சேவ் ஃபைலில் தில்லுமுல்லு செய்து, பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள். கேமைத் தொடர்வதற்காக சேவ் ஃபைலை லோட் செய்தால் லினக்ஸ் வந்து நிற்கும்!

சோனி கதவைத் திறந்தது, மைக்ரோசாஃப்ட் மூடியது. மூடிய கதவைத்தான் உடைத்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மெனுவிலேயே லினக்ஸ்

ப்ளேஸ்டேஷன் 3 நவம்பர் 2006-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தது. இந்த முறை தனியாகக் கிட் எதுவும் வாங்க வேண்டாம். செட்டிங்ஸ் மெனுவிலேயே 'இன்ஸ்டால் அதர் ஓஎஸ்' என்று ஒரு வரி. வேறு ஓஎஸ் போட்டுக்கொள் என்று கம்பெனியே சொல்கிறது!

போடும் முறை இதுதான். முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பங்கு பிரிக்க வேண்டும். சோனி கொடுத்த தேர்வு இரண்டே இரண்டு. லினக்ஸுக்கு 10 ஜிபி, மீதி கேமுக்கு. இல்லையென்றால் கேமுக்கு 10 ஜிபி, மீதி லினக்ஸுக்கு. நடுவில் எதுவும் கிடையாது. பங்கு பிரித்ததும் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு யுஎஸ்பி டிரைவில் ஒரு சின்ன பூட்லோடர் ஃபைலைக் குறிப்பிட்ட ஃபோல்டரில் வைத்துச் செருகினால், அதைப் பெட்டி எடுத்துக்கொள்ளும். 'டிஃபால்ட் சிஸ்டம்' என்பதை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால், டிவி திரையில் கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் ஓடத் தொடங்கும். கேபூட் என்ற அந்த பூட்லோடரில் டிவிக்கு ஏற்ற ரெசல்யூஷனைத் தட்டிவிட்டால் லினக்ஸ் கிளம்பும். மறுபடி கேம் பக்கம் போக அங்கேயே ஒரு கட்டளை இருந்தது.

பூட் ஆகும்போது திரை மேலே பெங்குவின் படம் வருமே, எத்தனை ப்ராசஸர் இருக்கிறதோ அத்தனை பெங்குவின் நிற்கும். செல் ப்ராசஸரின் முக்கிய கோர் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் ஓட்டும் என்பதால் இதில் இரண்டு பெங்குவின். பிற்காலக் கெர்னல்களில் அந்த இரண்டுக்கும் கீழே குட்டிக் குட்டியாக இன்னும் ஆறு வரிசையாக நிற்கும். அந்தக் குட்டிகள் யார் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் வந்த டிஸ்ட்ரிபியூஷன் டெர்ரா சாஃப்ட் நிறுவனத்தின் யெல்லோ டாக் லினக்ஸ் 5. இது பவர்பிசி சிப்களுக்கென்றே லினக்ஸ் செய்து வந்த அமெரிக்க நிறுவனம். பிறகு ஃபெடோரா, டெபியன், ஜென்டூ, உபுண்டுவின் பவர்பிசி பதிப்பு என்று வரிசையாக வந்தன. கெர்னல் பக்கத்தில் இந்த வேலையைக் கவனித்த ஜெஃப் லெவாண்ட் சோனியின் பொறியாளர். அதாவது இது திருட்டுத்தனம் இல்லை. கம்பெனி சம்பளம் கொடுத்து, கம்பெனி ஆள் எழுதி, லினக்ஸ் மூலக் கெர்னலிலேயே சேர்ந்த வேலை.

டெஸ்க்டாப்பாக எப்படி?

சும்மா சொல்லக்கூடாது, சுமார்தான்.

முதல் சிக்கல் மெமரி. மொத்தம் 256 எம்பி. அதிலும் ஹைப்பர்வைசர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஹைப்பர்வைசர் என்றால் ஹார்டுவேருக்கும் லினக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன். வீடு முழுக்க உன்னுடையது என்பார், ஆனால் சில அறைகளுக்கு மட்டும் சாவி தரமாட்டார். அப்படிப் பூட்டிய அறைகளில் முக்கியமானது கிராஃபிக்ஸ் சிப். என்விடியாவின் ஆர்எஸ்எக்ஸ் சிப் உள்ளே இருந்தது, ஆனால் லினக்ஸ் அதன் 3டி சக்தியைத் தொட முடியாது. திரையில் புள்ளி வைக்க மட்டும்தான் அனுமதி. லினக்ஸிலேயே நல்ல கேம் எழுதி, பங்கு கொடுக்காமல் ஆடிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மெமரி குறைவு என்பதால்தான் யெல்லோ டாக்கில் கனமான டெஸ்க்டாப்புக்குப் பதிலாக எடை குறைந்த என்லைட்டன்மென்டைப் போட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸில் நாலைந்து பக்கம் திறந்தால் டிஸ்க் கரகரவென்று ஸ்வாப் செய்யத் தொடங்கிவிடும். இதற்கு ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் அருமை. கிராஃபிக்ஸ் சிப்பைத்தான் தொடக்கூடாது, அதற்கென்று இருக்கும் 256 எம்பி வீடியோ மெமரி சும்மாதானே கிடக்கிறது? அதையே ஸ்வாப் இடமாக மாற்றினார்கள். அதற்கான டிரைவர் 2009-ல் கெர்னலிலேயே சேர்ந்தது. இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்தும் நம் அம்மாக்களின் புத்தி!

இரண்டாவது சிக்கல் ஃப்ளாஷ். அன்று யூடியூப் பார்க்க ஃப்ளாஷ் பிளேயர் வேண்டும். லினக்ஸும் பவர்பிசியும் சேர்ந்த கூட்டணிக்கு அடோபி அதைத் தரவே இல்லை. ஓப்பன் சோர்ஸ் மாற்றுகளை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். 3.2 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணையும் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த முக்கிய கோர் கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும் எளிமையான வகை. பிரவுசர், ஆஃபீஸ் போன்ற சாதாரண வேலைகளில் அதே காலத்து பிசி-யைவிட மெதுவாகத்தான் இருந்தது.

ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். வீட்டு டிவியில் ஓப்பன் ஆஃபீஸ் திறந்து கடிதம் எழுதலாம், மெயில் பார்க்கலாம், பைத்தான் பழகலாம், வெப் சர்வர் ஓட்டலாம். கேம் வாங்க வைத்திருந்த காசிலேயே ஒரு கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்த மாதிரி. மெதுவாக ஓடினாலும் அது என் இஷ்டப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரு தனி ருசி உண்டு. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆறு குட்டிப் பெங்குவின்கள்

இப்போது அந்தக் குட்டிகளுக்கு வருவோம். செல் ப்ராசஸரை சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கின. ஒரு முக்கிய கோர், அதற்குக் கீழே எஸ்பிஇ எனப்படும் எட்டு உதவிக் கோர்கள். ப்ளேஸ்டேஷன் 3-ல் எட்டில் ஒன்றை அணைத்தே வைத்திருப்பார்கள், தயாரிப்பில் ஒன்று பழுதானாலும் சிப்பைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்தலாம் என்று. இன்னொன்று வாட்ச்மேன் ஹைப்பர்வைசருக்கு. மிச்சம் ஆறு. அவைதான் அந்த ஆறு குட்டிப் பெங்குவின்கள். கிராஃபிக்ஸைப் பூட்டிய சோனி, இந்த ஆறையும் லினக்ஸுக்கு முழுசாகத் திறந்துவிட்டது.

எஸ்பிஇ-க்கு ப்ரோகிராம் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக 256 கேபி மெமரி மட்டும்தான். அதற்குள் ப்ரோகிராமும் அடங்க வேண்டும், டேட்டாவும் அடங்க வேண்டும். வெளி மெமரியிலிருந்து தேவையானதை நாமே பார்த்துப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். ஆனால் பழகிவிட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு 2,500 கோடி தசமக் கணக்குகள் வரை போடும். ஆறுக்கும் சேர்த்தால் 15,000 கோடி. 2006-ல் 500, 600 டாலர் பெட்டிக்கு இது பெரிய விஷயம்.

விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகத்தில் அப்போது இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் கௌரவ் கன்னா. கான்பூர் ஐஐடி-யில் படித்தவர். கருந்துளைகள் மோதும்போது எழும் ஈர்ப்பு அலைகளைக் கணக்கிடுவது அவர் ஆராய்ச்சி. சூப்பர் கம்ப்யூட்டரில் வாடகை நேரம் வாங்கினால் ஒரு கணக்குக்கு சுமார் 5,000 டாலர் ஆகும் என்றார் அவர். அந்தக் காசுக்கு எட்டு ப்ளேஸ்டேஷனே வாங்கிவிடலாமே! 2007-ல் எட்டுப் பெட்டிகளை லினக்ஸோடு இணைத்தார். அதில் நான்கை சோனியே நன்கொடையாகக் கொடுத்தது. அதை வைத்து ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன.

இன்னொரு சம்பவம் இதைவிடப் பெரிது. டிசம்பர் 2008-ல் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் ஓர் ஆராய்ச்சிக் குழு, இணையப் பாதுகாப்பின் அடித்தளத்தையே ஆட்டிக் காட்டியது. எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை பலவீனமானது என்று அதற்கு முன்பே தெரியும். ஆனாலும் சில நிறுவனங்கள் அதை வைத்தே வெப்சைட்டுகளுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தன. இந்தக் குழு ஒரு போலிச் சான்றிதழ் அதிகாரியையே உருவாக்கிவிட்டது. அதை வைத்து எந்த வங்கியின் பெயரிலும் பிரவுசர் நம்பும் சான்றிதழை அச்சடிக்கலாம். அந்தக் கணக்கைப் போட்டது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு ஆய்வகத்தில் இருந்த சுமார் 200 ப்ளேஸ்டேஷன் 3-கள். அதற்குப் பிறகுதான் எம்டி5-ஐ அவசரமாகக் கைவிட்டார்கள்.

உச்சக்கட்டம் அமெரிக்க விமானப்படை. நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஊரில் இருக்கும் அதன் ஆராய்ச்சிக்கூடம் 1,760 ப்ளேஸ்டேஷன் 3-களை வைத்து காண்டோர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டி, 2010 இறுதியில் திறந்தது. செலவு சுமார் 20 லட்சம் டாலர். அதே வேகத்துக்கு வழக்கமான முறையில் கட்டினால் பல மடங்கு ஆகியிருக்கும்.

இதில் என்ன கூத்து என்றால், அது திறக்கப்பட்டபோது ப்ளேஸ்டேஷனில் லினக்ஸ் போடும் வசதியையே சோனி எடுத்துவிட்டிருந்தது.

ஏப்ரல் 1, 2010

கதை ஆகஸ்ட் 2009-லேயே திரும்பத் தொடங்கிவிட்டது. ஒல்லியான புது ப்ளேஸ்டேஷன் 3 ஸ்லிம் வந்தபோது அதில் அதர் ஓஎஸ் இல்லை. பழைய குண்டுப் பெட்டிக்காரர்கள் பதறினார்கள். விற்ற பெட்டிகளில் வசதி தொடரும், வரப்போகும் அப்டேட்களில் அதை நீக்கமாட்டோம் என்று சோனி பக்கத்திலிருந்து லெவாண்ட் எழுத்திலேயே உறுதி கொடுத்தார்.

ஜனவரி 2010-ல் ஜார்ஜ் ஹாட்ஸ் வந்தார். ஜியோஹாட் என்று சொன்னால் பலருக்குத் தெரியும், 2007-ல் 17 வயதில் ஐபோனின் சிம் பூட்டைத் திறந்த பையன். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் மெமரி லைனில் மிகச் சரியான நேரத்தில் ஒரு சின்ன மின் துடிப்பைத் தட்டி, ஹைப்பர்வைசரைக் குழப்பி, உள்ளே நுழைந்துவிட்டதாக அறிவித்தார். சாவி தராத வாட்ச்மேனை ஒரு நொடி தும்ம வைத்து, அந்த இடைவெளியில் புகுந்த மாதிரி.

மார்ச் 28 அன்று சோனி அறிவித்தது. ஏப்ரல் 1-ல் வரும் 3.21 அப்டேட் அதர் ஓஎஸ் வசதியை நீக்கும், காரணம் பாதுகாப்பு. பலர் முட்டாள்கள் தின ஜோக் என்றுதான் நினைத்தார்களாம். ஜோக் இல்லை.

அப்டேட் செய்யாமல் இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது, ஆன்லைனில் ஆட முடியாது, புது அப்டேட் கேட்கும் கேம்களும் ப்ளூ-ரே படங்களும் ஓடாது. அதாவது காசு கொடுத்து வாங்கிய இரண்டு வசதிகளில் எது வேண்டும் என்று நீயே தேர்ந்தெடு! வலது கை வேண்டுமா இடது கை வேண்டுமா என்று கேட்பது மாதிரிதான்.

விமானப்படையின் பெட்டிகள் கேம் நெட்வொர்க் பக்கமே போகாதவை, அதனால் அவை தப்பித்தன. ஆனால் ஒன்று பழுதாகிச் சர்வீஸுக்குப் போனால் புது அப்டேட்டோடுதான் திரும்பும் என்ற கவலை அவர்களுக்கே இருந்தது. உலகத்தின் பெரிய ராணுவத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

கதவை மூடியதும் என்ன ஆனது?

2006 நவம்பர் முதல் மூன்று வருடத்துக்கு மேல் ப்ளேஸ்டேஷன் 3-ஐ யாரும் முழுமையாக உடைக்கவில்லை. அதர் ஓஎஸ் போன நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 2010-ல், யுஎஸ்பி-யில் செருகி காப்பி கேம் ஆடும் பிஎஸ் ஜெயில்பிரேக் கருவி விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 2010-ல் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு அதே கேயாஸ் காங்கிரஸ் மேடையில் ஏறியது. சோனியின் டிஜிட்டல் கையெழுத்து முறையிலேயே ஓட்டை என்று காட்டியது.

அந்த ஓட்டை நம் எல்லோருக்கும் புரியும் வகைதான். அந்த முறையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு புது ரகசிய எண்ணைத் தற்செயலாக எடுக்க வேண்டும். சோனி எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணையே பயன்படுத்தியிருந்தது. இரண்டு கையெழுத்து கையில் இருந்தால் இரண்டு சமன்பாடு. தெரியாதவை இரண்டு, அந்த எண்ணும் சோனியின் ரகசியச் சாவியும். ஒன்பதாம் வகுப்பில் போட்ட அதே கணக்கு. முடிந்தது கதை. ஜனவரி 2011-ல் ஹாட்ஸ் பெட்டியின் மூலச் சாவி ஒன்றை வெளியிட்டார், சோனி அவர்மேல் வழக்குப் போட்டது, சில மாதத்தில் சமரசம் ஆனது.

ஃபெயில்ஓவர்ஃப்ளோ சொன்ன வாதம் எனக்குப் பிடித்தது. திறமையான ஹேக்கர்கள் கன்சோலை உடைப்பது பெரும்பாலும் அதில் லினக்ஸும் சொந்த ப்ரோகிராமும் ஓட்டத்தான். அவர்கள் உடைத்த வழியில் பின்னால் வருகிறவர்கள்தான் காப்பி கேம் ஆடுகிறார்கள். லினக்ஸைக் கொடுத்தே வைத்திருந்தால் முதல் கூட்டத்துக்கு உடைக்க அவசியமே இல்லை. எக்ஸ்பாக்ஸை நினைத்துப் பாருங்கள், பொருந்துகிறதா?

சோனியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹாட்ஸ் நுழைந்தது லினக்ஸ் வழியாகத்தான், அதுவும் தடைக்கு முன்பே. திறந்த ஜன்னல் வழியாக ஒருவன் கை நீட்டினால் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தத்தான் செய்வார். ஆனால் இங்கே ஜன்னலைச் சாத்தியவர் வீட்டை விற்றுவிட்டுப் போனவர் ஆயிற்றே! அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பத்து டாலர் நியாயம்

அமெரிக்காவில் ஏப்ரல் 2010-லேயே வழக்குப் போட்டார்கள். 2011 டிசம்பரில் தள்ளுபடி. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2016-ல் ஒரு சமரசத் திட்டம்: லினக்ஸ் பயன்படுத்தியதை நிரூபித்தால் 55 டாலர், மற்றவர்களுக்கு 9 டாலர். நீதிபதி அதை ஏற்கவில்லை. பிறகு 37.5 லட்சம் டாலர் நிதி ஒதுக்கி, தலைக்கு அதிகபட்சம் 65 டாலர் என்று மாற்றி, 2018-ல் முடிவுக்கு வந்தது. வக்கீல் செலவு போக, கேட்டவர்களுக்கெல்லாம் பங்கு போட்டபோது ஆளுக்குக் கிடைத்தது சுமார் 10 டாலர். எட்டு வருடம் காத்திருந்து பத்து டாலர். இதற்கு நடுவில் பிரிட்டனில் ஒரு வாடிக்கையாளர், வாங்கியபோது சொன்ன வசதி இப்போது இல்லை என்று நுகர்வோர் சட்டத்தைக் காட்டி, விற்ற அமேசானிடம் 84 பவுண்டு திரும்ப வாங்கினார். பெட்டியையும் அவரே வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்!

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

ப்ளேஸ்டேஷனில் லினக்ஸ் ஓட்டியவர்கள் மொத்த வாடிக்கையாளர்களில் ரொம்பச் சின்னக் கூட்டம். பெரும்பாலானவர்களுக்கு அந்த மெனு இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் வாதமும் இதுதான்: யாருமே பயன்படுத்தவில்லையே, எடுத்தால் என்ன?

என் பதில்: எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது கேள்வியே இல்லை. கடையில் வாங்கிய மிக்ஸியில் மூன்று ஜார் இருந்தது. நான் இரண்டைத்தான் எடுக்கிறேன். அதற்காகக் கம்பெனி ஆள் ராத்திரி வீட்டுக்குள் வந்து மூன்றாவது ஜாரை எடுத்துக்கொண்டு போனால் சும்மா இருப்பேனா? மிக்ஸி என்றால் நமக்கு உடனே கோபம் வருகிறது. சாஃப்ட்வேர் என்றால் 'ஐ அக்ரீ' அழுத்திவிட்டுத் தூங்கப் போகிறோம்.

என் போனில் கால் ரெக்கார்டிங் இருந்தது. ஒரு நாள் அப்டேட் வந்தது, வசதி போனது. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான். அன்று எனக்கு வந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் வைக்கத் தெரியவில்லை. இந்த ப்ளேஸ்டேஷன் கதையைப் படித்த பிறகுதான் விளங்கியது. காசு கொடுத்தபோது வாங்கிய பொருள் ஒன்று, இன்று கையில் இருக்கும் பொருள் வேறொன்று. நடுவில் மாற்றியவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டது போல ஒரு பட்டனை மட்டும் காட்டினார்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். ஆனால் ஓட்டையை அடைப்பதும் அறையை இடிப்பதும் வேறு வேறு. வசதியை நீக்கும் அப்டேட் என்றால் அதை மட்டும் மறுக்க உரிமை வேண்டும், இல்லை பணத்தைத் திருப்பித் தர வேண்டும். லினக்ஸ்காரர்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் சுதந்திரம் என்பது இலவசமாகக் கிடைப்பதைப் பற்றியது இல்லை. என் பெட்டியில் என்ன ஓட வேண்டும் என்று கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான் அது.

நல்ல செய்தியும் இருக்கிறது. வால்வ் நிறுவனம் 2022-ல் விற்கத் தொடங்கிய ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியில் லினக்ஸ்தான் ஓஎஸ். டெஸ்க்டாப் மோடுக்குப் போனால் கேடிஇ டெஸ்க்டாப் அப்படியே வரும். வேறு ஓஎஸ் போட வேண்டுமா, போட்டுக்கொள்ளலாம், விண்டோஸ் உட்பட. அதற்காக வால்வ் கம்பெனி ஒன்றும் மூழ்கிப்போகவில்லை. சாவியைக் கொடுத்தாலும் வியாபாரம் நடக்கிறது.

அடுத்த தடவை ஒரு கருவி வாங்கும்போது ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்பதோடு இதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இதில் இருக்கிற வசதியை நாளைக்கு நீங்கள் எடுத்துவிட்டால் நான் என்ன செய்வது? கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும் :-)

பி.கு: ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவில் இருந்த ஹெக்டர் மார்ட்டின், சோனி லினக்ஸை எடுத்த அதே 2010-ல் அதை ப்ளேஸ்டேஷன் 3-ல் மறுபடி ஓட்டிக் காட்டியவர். பின்னாளில் ஆப்பிளின் எம்1 மேக்குகளில் லினக்ஸ் ஓட வைக்கும் அசாஹி லினக்ஸைத் தொடங்கியவரும் அவரேதான். பூட்டிய பெட்டியைப் பார்த்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. அவர்கள் இருக்கும்வரை நமக்கும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.